கடைமடை

தண்ணீர்த் தொட்டியின் கழுத்துக்குப் பின்னால்
செல்போன் கோபுரம் மறைய வேண்டும்.
மறைந்தால், எனக்குக் கீழே பார்.
மற்ற ஊர்களில் பார் என்றால் கடல் வளர்த்த பாறை.
எங்களுடையது
கடலை மறிக்க லாரியில் வந்த கருங்கல்.
ஒரு புயலில் சரிந்ததைக்
கடல் தன் வசதிக்கு அடுக்கிக்கொண்டது.
ஒப்பந்தக்காரர் அளந்து போட்டபோது நிற்காத கல்
இப்போது அசைவதே இல்லை.

ஊர் கூப்பிடு தூரம்.
பலகையில் குப்புறக் கிடந்தால்
பொறையாறு பஸ் பின்னால் எடுக்கிற விசில் கேட்கும்,
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைகிற சத்தம்,
பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்
பாங்குக்கு முன் யாரோ தொண்டையைச் செருமுவது.
கரைக்காற்று அலையின் முகத்தை வழித்துவிடும்.
பரோட்டாக் கடையின் முதல் எண்ணெயையும்
எங்களிடம் கொண்டுவரும்.
பசிக்கும். யாரும் போகமாட்டோம்.

நாலு பேர்.
ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடும் சித்திரவேல்;
என் பலகையின் மூக்கு அவன் ஒட்டியது,
யார் படகிலோ மிஞ்சிய பச்சையில்.
அவன் தங்கை பூங்கோதை, பன்னிரண்டாம் வகுப்பு.
காரைக்காலில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன்.
நான்.
முறைவைத்துத்தான் அலை,
வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதுபோல.
எனக்குப் பிழைப்பே அதுதான்:
எந்த மதகில் எத்தனை கனஅடி என்று
நீர்வளத் துறைப் பதிவேட்டில் எழுதுகிறவள்.
அங்கே முறை தவறினால் மண்வெட்டி தூக்குவார்கள்.
இங்கே முறைப்பார்கள், அவ்வளவுதான்.

ஜூலை. மேட்டூர் திறந்து மூன்று வாரம்.
முந்தாநாள் ராத்திரி முகத்துவாரத்துக்கு ஆறு வந்துவிட்டது,
கருவேலஞ் சுள்ளி, ஒற்றைச் செருப்பு,
பால்போடாத டீயின் நிறம்.
நீவாடு அதை வடக்கே இழுத்துவந்து
பாரின்மேல் விரித்திருந்தது.
கல் தெரியவில்லை.
தெரிந்தால் மட்டும் என்ன செய்திருப்போம்.

என் முறை.
சூரியனுக்குள்ளிருந்து வந்தது.
கண்கூசித் திரும்பி
நாலு தடவை கையால் வலித்தேன்.
கால்மாட்டில் யாரோ பாயைத் தூக்குவதுபோல்—
எழுந்தேன்.
தொட்டியும் கோபுரமும் பிரிந்து
ஆளுக்கொரு திசையில் நகர்ந்தன.
வலப்பக்கம் தண்ணீர், என் உயரம்.
இடப்பக்கம் என் நிழல்
என்னை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.
ஏழு நொடி என்கிறான் சித்திரவேல்.
பூங்கோதை எண்ணியது நாலு.
பலகையின் துடுப்பு எதிலோ உரசியது.
பிறகு வானம், பிறகு மணல்,
பிறகு என்னுடைய முழங்கால்,
அதன் உள்பக்கம்.

மூன்று தையல்.
"வண்டி நம்பர் பார்த்தீங்களா?" என்றார் நர்ஸ்.

பதினொன்றரைக்கு மயிலாடுதுறையில் என் மேசை.
எதிரே துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருவர்.
பெயர் அபூர்வசாமி, மூன்று மா நிலம்,
நாற்றங்கால் காய்கிறது,
எங்க மடைக்கு எப்பம்மா வரும்?
முறை வரும் என்றேன்.
முறைத்தார்.
என் முழங்கால் கட்டைப் பார்த்ததும்
பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அது இன்னும் மோசம்.

காலையில் நான் விழுந்த அலையை
யாரும் ஷட்டர் தூக்கி விடவில்லை.
தெற்கே எங்கோ ஒரு காற்று.
அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல்
எங்கள் நாலு பேர்வரை வந்தது.
அவருடைய ஆறும் வந்தது.
அதன்மேல் நான் குப்புறப் படுத்திருந்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

மனுவை வாங்கக் குனிந்தபோது
மூக்கிலிருந்து கடல் இறங்கியது,
அறிவிப்பில்லாமல், கால் கரண்டி,
'கடைமடை' என்ற கட்டத்தின்மேல்.
சளியா, நொச்சி போட்டு ஆவி பிடிங்க, என்றார் அவர்.
ஆமாம் என்று துடைத்தேன்.
உதட்டில் பட்டது:
உப்பு.
கொஞ்சம் வண்டல்.